போணிக்கு முன்னால் கேட்ட கேள்வி

நிர்மலாதேவியின் முதல் ஆராய்ச்சி முன்மொழிவில், நான்காம் பக்கத்தில் திருப்பூர் வந்து உட்கார்ந்திருந்தது. தலைப்பு என்னவோ 'புதுச்சேரி நகர சூப்பர் மார்க்கெட் வாடிக்கையாளர்களின் மனநிறைவு' என்றுதான் இருந்தது. மூன்று பக்கம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் புதுச்சேரி. நான்காம் பக்கத்தில் மட்டும், "இந்த ஆய்வுக்காகத் திருப்பூர் நகரின் நூற்றைம்பது வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுவர்" என்று ஒரு வரி.

எம்.பி.ஏ. கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதைத் தொடங்கும் முன்னால், எதை ஆராயப் போகிறோம், ஏன், எப்படி, எத்தனை பேரிடம் என்று ஒரு திட்டம் எழுதி, மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் நின்று ஒப்புதல் வாங்க வேண்டும். அதுதான் முன்மொழிவு. வகுப்பில் எல்லோருக்கும் அது ப்ரொபோசல். குழுத் தலைவர் பேராசிரியர் ஜீனத்துன்னிசா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, "திருப்பூருக்கு எப்பம்மா போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அதோடு முன்மொழிவு தள்ளுபடி. மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஒரு டிடிபி கடையில் ரெடிமேட் ப்ரொபோசல் கிடைக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள் என்று கூடப் படிப்பவர் ஒருவர் சொன்னார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரமில்லாத நிர்மலா அதை நம்பினாள். கடைக்காரர் எல்லா இடத்திலும் மாற்றினார், ஓர் இடத்தை விட்டுவிட்டார். அந்த ஓர் இடம் போதுமே.

விதிப்படி இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதும் போனால் பதிவு காலாவதி. அதற்குள் படிப்பை முடிக்க வேண்டிய ஆண்டும் தீர்ந்துவிடும். நாலு வருஷம் சனி ஞாயிறுகளில் வகுப்புக்கு ஓடியது, பதினாறு பரீட்சை எழுதியது, எல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

இந்த எம்.பி.ஏ. ஏன் அவளுக்கு என்று கேட்கிறீர்களா? பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம். பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணாகச் சேர்ந்தாள். படிப்படியாகத் தளக் கண்காணிப்பாளர் ஆனாள். அஞ்சல் வழியில் பி.காம். முடித்தாள். அப்போது சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். மாசக் கடைசியில் சின்ன பாக்கெட் எண்ணெய்தான் போகும், பெரிய டின்னைப் பின்னால் தள்ளி வைக்கலாம் என்று நிர்மலா அவரிடம் சொன்னாள். அதையே அவர் நாலு கலரில் படம் போட்டு முதலாளிக்குக் காட்டி, ஆறு மாதத்தில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார். நிர்மலாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "படம் போடத் தெரிஞ்சாத்தான் மதிப்புன்னா, நானும் போடக் கத்துக்கிறேன்" என்று அடுத்த மாதமே விண்ணப்பம் வாங்கினாள். வயது அப்போது முப்பத்தெட்டு.

திருப்பூர் சமாசாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, கடை திறந்த நேரம். முதல் ஆளாக ஒரு பையன் பிரெட்டும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, செல்போனை நீட்டினான். பில்லிங்கில் இருந்த பெண் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தாள். நிர்மலா பழக்கம் போல, "தம்பி, மொத பில்லு மட்டும் காசாக் குடுத்துடுப்பா" என்றாள். அந்தக் கடையில் அது முதலாளியின் கட்டளை. ஏசி போட்ட கடை, பார்கோடு, கேமரா எல்லாம் உண்டு. ஆனால் போணி மட்டும் கையில் விழ வேண்டும். பையனிடம் காசில்லை. பிரெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் வைத்துவிட்டுப் போன பிரெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள் நிர்மலா. நாள் முழுக்கப் பத்தில் எட்டுப் பேர் செல்போனில்தான் காசு கொடுக்கிறார்கள். முதல் விற்பனைக்கு மட்டும் ஏன் இந்தக் கதவடைப்பு? ஊர் முழுக்க இப்படியா? இதனால் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள்? இதை யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்கவில்லை. இரண்டு வாரம் தேடிப் பார்த்தாள். சிறு வியாபாரிகளும் க்யூஆர் அட்டையும் என்று நூற்றுக்கணக்கில் கட்டுரை இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: அட்டை வைத்திருக்கிறீர்களா, இல்லையா? எந்த நேரத்தில் வாங்குவீர்கள் என்று ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. "சிறு வியாபாரிகளின் முதல் விற்பனையில் மின்னணுப் பணத்துக்கான தயக்கம்" என்று தலைப்பு எழுதி, தன் வழிகாட்டிப் பேராசிரியர் இளம்பரிதியிடம் கொண்டுபோனாள். அவருக்கு இவளைவிடப் பத்து வயது குறைவு. படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யார் எழுதிக் குடுத்தது மேடம்?"

"நான்தான் சார். இந்த வாட்டி ஊரும் எங்க ஊருதான்."

அவர் சிரித்துவிட்டார். ஒரு முன்னோட்ட ஆய்வு செய்துகொண்டு வந்தால் குழு மறுக்க முடியாது, பெரிய மார்க்கெட்டில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்கள் என்றார். குழு கூட இன்னும் பதினோரு நாள் இருந்தது.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. விடிந்தும் விடியாததுமாக, இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்களோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். முதலில் யாரிடம் போவது? தெரிந்த முகம் அஞ்சலாட்சிதான். வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்து இறங்குபவள். நிர்மலா பத்து வருஷமாக அவளிடம்தான் கீரை வாங்குகிறாள். அஞ்சலாட்சி சாக்கை விரித்து அரைக்கீரையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிர்மலா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தாள். எத்தனை வருஷமா வியாபாரம்? க்யூஆர் அட்டை எப்போ வாங்கினீங்க? எப்பவும் அதுல காசு வாங்குவீங்களா? அஞ்சலாட்சி கழுத்தை நிமிர்த்தாமலே, "ம்", "ஆமா", "எப்பவும்தான்" என்று பதில் சொன்னாள். நடுவில் கீரைக்கு வந்த இரண்டு பேர், ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு நடக்கிறது என்று நினைத்து அடுத்த கடைக்குப் போனார்கள். இருபத்திரண்டும் முடிந்ததும், "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு நிர்மலா அடுத்த சாக்குக்கு நகர்ந்தாள். கையில் தாள் இருந்ததால் கீரை வாங்கவில்லை.

இப்படிப் பதினோரு பேர்.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் கீரை வாங்கலாம் என்று போனாள். அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் வாழைக்காய் விற்பவள், "ஃபாரம்காரி வந்துட்டாடி" என்று குரல் கொடுக்க, அந்த வரிசையே சாமானை இழுத்து மூடாத குறை.

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள் நிர்மலா.

"இன்னா ஆச்சா? நேத்து போணி ஆவறதுக்கு முன்னாடி வந்து குந்திக்கினு அம்மாம் கேள்வி கேட்ட. ஒரு கட்டுக் கீரை வாங்குனியா? எந்திரிச்சிப் போயிட்ட. நேத்து பொழுதுக்கும் ஈ ஓட்டிக்கினு இருந்தேன். பாதிக் கீரைய மாட்டுக்குப் போட்டேன். உன் கைராசியப் பாத்துட்டேன்மா, போ."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். போணியைப் பற்றி ஆராயக் கிளம்பியவள், போணிக்கு முன்னால் போய்க் கேள்வி கேட்டு, வெறுங்கையோடு எழுந்து வந்திருக்கிறாள். அதுவும் பதினெட்டு வருஷமாக முதல் பில்லைக் காசாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கடையில் வேலை பார்ப்பவள். பஸ்ஸில் நின்றபடியே நிர்மலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. டிடிபி கடைக்காரரின் மேல் போட்ட பழியை இந்தத் தடவை யார் மேலும் போட முடியாது.

வீட்டில் கணவன் வெற்றிவேல் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் நோணாங்குப்பம் படகுத்துறையில் இன்ஜின் போட் ஓட்டுபவன். "மொத ட்ரிப்புக்கு நான் இன்ஜினத் தொட்டுக் கும்பிடும்போது எவனாவது வந்து 'இன்ஜின் எத்தினி குதிரை சக்தி'ன்னு கேட்டான்னா, தண்ணியில தள்ளிடுவேன். அஞ்சலாட்சி அக்கா நல்லவங்க, உன்ன உட்டுட்டாங்க" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "இப்ப இன்னா பண்ணப்போற?"

இளம்பரிதி ஒரு வழி சொன்னார். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவருக்கும் தன் மாணவி தேற வேண்டும். "கைல பதினோரு பேரோட பதில் இருக்குல்ல மேடம். 'முன்னோட்ட ஆய்வு பதினோரு பேரிடம் நிறைவேறியது'ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடலாம். யாரும் கேக்கப் போறதில்ல."

நிர்மலா அந்தப் பதினோரு தாளையும் மேசையில் பரப்பிப் பார்த்தாள். 'எப்போதும் க்யூஆரில் பணம் வாங்குவீர்களா?' என்ற கேள்விக்குப் பதினோரு பேரும் 'எப்போதும்' என்றே சொல்லியிருந்தார்கள். அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் சொன்ன பதில். இதை நம்பி எழுதினால், அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதுவும் ஒரு திருப்பூர்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்ல சார். இது பொய். நான் மறுபடி போறேன்."

"அவங்கதான் பேசவே மாட்டேங்குறாங்கன்னு சொன்னீங்க?"

"பேச வேணாம் சார். பாக்கறேன்."

அடுத்த ஐந்து நாளும் காலை ஐந்தரைக்கு மார்க்கெட்டில் இருந்தாள். கேள்வி இல்லை, தாளை நீட்டவில்லை. டீக்கடை ஓரமாக நின்று, ஒவ்வொரு கடையின் முதல் விற்பனையை மட்டும் பார்த்தாள். கையடக்க நோட்டில் ஒரு கோடு: காசா, செல்போனா? அப்போதுதான், இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் மனசில் படாத ஒன்று மனசில் பட்டது. அஞ்சலாட்சி சாக்கை விரித்ததும், குடைக்கம்பியில் தொங்கும் க்யூஆர் அட்டையை முதலில் கவிழ்த்து வைத்தாள். வாழைக்காய்க்காரி அதன் மேல் ஓர் ஈரத் துணியைப் போட்டாள். பணம் வந்ததும் குரல் கொடுக்கும் பெட்டியை ஒருத்தி அணைத்தே வைத்திருந்தாள். முதல் நோட்டு கையில் விழுந்து, கண்ணில் ஒற்றி, பூமியைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் அட்டை நிமிர்ந்தது. இருபத்துநான்கு கடையில் பத்தொன்பது கடை அப்படி. காசில்லாமல் செல்போனோடு வந்து திரும்பிப் போனவர்கள், அந்த ஐந்து நாளில் பதினேழு பேர். 'எப்போதும்' என்று தாளில் சொன்ன பதினோரு பேரில் ஒன்பது பேர் அட்டையைக் கவிழ்த்தவர்கள்.

நிர்மலா நோட்டில் இருந்த கோடுகளை மறுபடி எண்ணினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இது எந்தக் கட்டுரையிலும் இல்லை. இதைப் பார்த்தது அவள்.

பார்த்ததை எழுத அனுமதி வாங்க வேண்டும் அல்லவா? தினமும் ஒன்பது மணிக்கு மேல், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், ஒவ்வொருவரிடமும் போனாள். முதலில் ஏதாவது வாங்கினாள், அப்புறம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள், அதற்கப்புறம்தான் அனுமதி கேட்டாள். வேலைக்குத் தாமதம் என்று ஐந்து நாளும் மேனேஜரிடம் திட்டு வாங்கினாள். வீட்டில் ஐந்து நாளும் கீரையும் வாழைக்காயும்தான். அஞ்சலாட்சி கடைசி நாள்தான் வாயைத் திறந்தாள்.

"தெனமும் டீக்கடையாண்ட நின்னு முறைச்சி முறைச்சிப் பாக்குற. போலீஸா நீ?"

"போணிய எப்படிப் பண்றீங்கன்னு பாக்குறேங்க்கா. அதான் என் பாடம்."

"போணிதான் பாடமா? அதப் படிக்கிறவளுக்கே போணி தெரியலயே!" அஞ்சலாட்சி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கடைக்கும் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கவிழ்க்கும் அட்டையைக் காட்டி, "பொட்டி கத்துறது காசா? கையில உழணும். கையில உழுந்தாத்தான் கடைக்கு உசுரு வரும். எழுதிக்கோ" என்றாள். நிர்மலா எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது, "அக்கா, நாளைக்கு மொத ஆளா நானே வாங்கட்டா?" என்று கேட்டாள். அஞ்சலாட்சியின் சிரிப்பு நின்றது.

"கோச்சிக்காத நிர்மலா. அது மட்டும் வேணாம். எனக்குப் பயமா இருக்குது."

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அஞ்சலாட்சிக்கு அது வயிற்றுப் பிழைப்பு. நிர்மலா மேலே கேட்கவில்லை.

குழு கூடிய அன்று, கல்லூரி அறையில் பதினான்கு பேரில் நிர்மலா பதிமூன்றாவது. அரக்குக் கலர் பட்டுச் சேலை, கையில் எட்டுப் பக்கம். முன்மொழிவின் ஐந்தாம் பக்கத்துக்கு அவள் வைத்த தலைப்பு 'தோற்றுப்போன முன்னோட்டம்'. பதினோரு பேரிடம் போணிக்கு முன்னால் கேள்வி கேட்டது, ஒரு வியாபாரம் படுத்தது, 'எப்போதும்' என்ற பதில் பொய்யானது, எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தாள். இளம்பரிதி பின்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பேராசிரியர் எண்ணிக்கையைக் கேட்டார், சொன்னாள். இன்னொருவர், அவர்களுக்குத் தெரியாமல் பார்ப்பது சரியா என்று கேட்டார். கையெழுத்து வாங்கிய அனுமதித் தாள்களை எடுத்து வைத்தாள். ஜீனத்துன்னிசா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இருந்தார்.

"எங்க அத்தா இந்த ஊர்ல நாப்பது வருஷம் ஜவுளிக் கடை வச்சிருந்தவங்க. போணின்னா இன்னான்னு எனக்குத் தெரியும். இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ண ஆராய்ச்சி பண்றதுக்கு இன்னா இருக்குது?"

இளம்பரிதி கண்ணை மூடிக்கொண்டார். நிர்மலாவுக்குத் தானாகப் பதில் வந்தது.

"எனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன் மேடம். பதினெட்டு வருஷமா நானே கடையில போணி வாங்குறவ. தெரிஞ்சும், போணிக்கு முன்னால போய் அவங்ககிட்ட கேள்வி கேட்டேன். அட்டைய அவங்க கவுத்து வைக்கிறது தெனமும் என் கண்ணு முன்னால நடந்திருக்குது, நான் பாக்கல. நம்மளுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருக்கறதாலதான் மேடம் யாரும் இதக் கேக்கவே இல்ல."

ஜீனத்துன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தை மறுபடி படித்தார், முழுசாக, அவசரமே இல்லாமல்.

"இன்னிக்கு பன்னெண்டு ப்ரொபோசல் கேட்டேன். எல்லாருக்கும் எல்லாமே சரியாத்தான் நடந்திருக்குது" என்றார். "நிர்மலாதேவி, ஒரு திருத்தம் பண்ணணும். இந்த அஞ்சாம் பக்கத்த எடுத்துடாதீங்க, மொத பக்கத்துக்குக் கொண்டாங்க. ஆய்வு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது." ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, அதை மேசையில் தள்ளாமல், எழுந்து கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வெற்றிவேலுக்குப் போன் போட்டாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "ஒத்துக்கினாங்க!" என்று கத்தினாள். காரிடாரில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்தப் பக்கம் இன்ஜின் நின்றது. "சார், மேடம், எல்லாரும் கேளுங்க, எங்க வீட்டுக்காரம்மா எம்.பி.ஏ. ஆராய்ச்சி பாஸ் பண்ணிட்டாங்க!" என்று அவன் போட்டில் இருந்தவர்களிடம் அறிவித்ததும், பாரடைஸ் பீச்சுக்குப் போய்க்கொண்டிருந்த, எந்த ஊர் என்றே தெரியாத நாற்பது பேர் கை தட்டியதும் அவளுக்குக் கேட்டது. நிர்மலா அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயசில் இப்படி ஒரு பெருமை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை, உண்மையான ஆய்வின் முதல் நாள். ஐந்தரைக்கு, கட்டம் போட்ட புது நோட்டோடு வழக்கமான டீக்கடை ஓரத்தில் நின்றாள். அஞ்சலாட்சி சாக்கை விரித்தாள், அட்டையைக் கவிழ்த்தாள், கீரையை அடுக்கினாள். ஒரு பெரியவர் பையோடு அவளை நோக்கி வந்தார். "கொஞ்சம் பொறு பெரியவரே" என்று அவரை நிறுத்திவிட்டு, அஞ்சலாட்சி டீக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா, பாஸா?"

"பாஸுக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குத் தூர நிக்கிற? வா, வந்து போணி பண்ணு."

நிர்மலா நகரவில்லை. "பயமா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"அத்தினி பெரிய படிப்புக்காரங்க ஒத்துக்கின கை. எனக்கு ஆவாதா? வா, நேரமாவுது."

நிர்மலா இருபது ரூபாய் நோட்டை நீட்டினாள். அஞ்சலாட்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள், பூமியைத் தொட்டாள், ஒரு கட்டு அரைக்கீரையை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் குடைக்கம்பியில் அட்டையை நிமிர்த்தி மாட்டினாள். பெரியவர் முளைக்கீரை கேட்டார்.

டீக்கடைக்குத் திரும்பி வந்து நிர்மலா நோட்டைப் பிரித்தாள். முதல் கட்டம்: அஞ்சலாட்சி, கீரை. கோடு போடப் போன பேனாவை நிறுத்தினாள். ஆராய்பவள் தன்னையே கணக்கில் சேர்க்கக் கூடாது, அது விதி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதினாள்: "சேர்க்க வேண்டாம். இந்தப் போணி நான் செய்தது."